மடி வற்றும் வரை

அந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. பூமியின் தென்கோடியில், பருவங்கள் தலைகீழாக வருகிற சவுத்லாந்தில் பசுமை இல்லாத மாதமே கிடையாது என்று பெருமை பேசுகிறவர்கள்கூட ஏப்ரலில் வாயைத் திறக்கவில்லை. புல் காய்ந்து சுருண்டது. மாடுகளின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வழக்கமாக மே மாதக் கடைசி வரைக்கும் கறக்கிற ரேவினுக்கு, இந்தத் தடவை மே பிறந்ததுமே கறவையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

"இதுக்கு மேலயும் கறந்தீங்கன்னா வயித்துல இருக்கிற கன்னுக்கு அது எதைக் கொடுக்கும்? எலும்பைக் கரைச்சுத்தான் கொடுக்கணும்" என்று மாட்டு டாக்டர் ஹினேவாய் சொன்னாள். ரேவினுக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. சினை மாடு குளிர்காலம் முடிந்து வசந்தத்தில் கன்று ஈனுவதற்கு முன்னால் மடி வற்ற வேண்டும், ஓய வேண்டும், உடம்பு தேற வேண்டும். பத்தொன்பது வயதில் கறவைக் கொட்டகைக்குள் நுழைந்தவள் அவள். இப்போது ஐம்பத்தெட்டு. எத்தனையோ மந்தைகளை வற்ற வைத்திருக்கிறாள். ஆனால் மே மாதக் கடைசியில் நிறுத்துவது வேறு. ஜூன் பிறந்தால் குளிர்காலம்; உறைபனி, சேறு, தீவனக் கிழங்கு, குளிரில் வெடிக்கிற தண்ணீர்க் குழாய் என்று வேலை கழுத்தைப் பிடிக்கும். இப்போதோ ஒரு முழு மாதம் வெறுமையாகக் கிடந்தது. இலையுதிர்காலம் என்று ஒன்று இருப்பதை அவள் கொட்டகை வாசல் வழியாகத்தான் இத்தனை வருஷமும் பார்த்திருந்தாள்.

கடைசிக் கறவை முடிந்து ஒவ்வொரு காம்புக்குள்ளும் மருந்தை ஏற்றி அடைத்தார்கள். ஹினேவாயும் அவளோடு வந்த இரண்டு பெண்களும் மதியம் வரை குனிந்தே நின்றார்கள். எல்லாம் முடிந்ததும் ஹினேவாய் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"ரேவின், உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. இருந்தாலும் சொல்றது என் வேலை. மாடுங்க கொட்டகைப் பக்கம் வரவே கூடாது. மெஷின் சத்தம் கேட்டாலே பால் இறங்கிடும். நாலஞ்சு நாளைக்கு மடி கல்லு மாதிரி இறுகும், பார்க்கப் பாவமா இருக்கும். பாருங்க, கை மட்டும் வைக்காதீங்க. அது தானா வத்தும்."

"நான் எத்தனை வருஷமா மாடு கறக்கிறேன் தெரியுமா?"

"அதனாலதான் சொல்றேன்" என்று சிரித்தாள் ஹினேவாய்.

ரேவின் மெஷினை அணைத்தாள். பம்பு ஒரு முனகலோடு ஓய்ந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதி அவள் காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல அடைத்துக்கொண்டது.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு அவளுக்கு விழிப்பு வந்தது. கால்கள் கட்டிலுக்கு வெளியே போய்விட்டன. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நெவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்ற மறுநாளே காலை எட்டரை வரை தூங்கியவன். உட்காருவது அவனுக்குக் கைவந்த கலை. ஜன்னலோரத்தில் ஒரு மேசை போட்டு, மீன்பிடிக்கிற தூண்டிலுக்கு இறகும் நூலும் வைத்துப் பொய்ப்பூச்சி கட்டுவான். ஒன்று கட்ட ஒரு மணி நேரம் ஆகும். கட்டி முடித்ததும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு அரை மணி நேரம் பார்ப்பான்.

ரேவின் மறுபடி படுத்தாள். எதிர்ப்புறத்து மேட்டிலிருந்து பக்கத்துப் பண்ணைக்காரன் டூகலின் கறவை மெஷின் ஓடுகிற சத்தம் வந்தது. டூகலின் நிலத்தில் வாய்க்கால் பாசனம் உண்டு. அவன் இன்னும் கறந்துகொண்டிருந்தான். அந்த 'தடக் தடக்' சத்தம் ஜன்னல் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்து அவளைக் கேலி பண்ணியது. எழுந்து போய் அடுப்பு மூட்டினாள். அடுப்பு மூட்டிவிட்டு அடுப்பைத் துடைத்தாள்.

முதல் மூன்று நாளில் கொட்டகையை மேலிருந்து கீழே கழுவிவிட்டாள். கேட்டுகளின் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டாள். துருப்பிடித்த இரும்பைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தாள். கோழிக்கூண்டை இடம் மாற்றினாள், கோழிகளுக்குப் பிடிக்காமல் போகவே பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தாள். நாலாம் நாள் நெவிலின் மேசையில் கைவைத்தாள்.

நெவில் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது இறகுகள் நிறம்வாரியாகப் பிரிக்கப்பட்டு ஜாம் பாட்டில்களுக்குள் இருந்தன. நூல்கண்டுகள் வரிசையாக நின்றன. பாதி கட்டியிருந்த பூச்சியைக் காணோம்.

"இங்க ஒரு பூச்சி இருந்துச்சே?"

"பிஞ்சு போயிருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"பிஞ்சு போகல ரேவின். பாதி கட்டியிருந்தேன்."

"முந்தாநாளே பாதிதான் இருந்துச்சு."

"ஆமா, இருக்கும். அது என் இஷ்டம்." நெவில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவன் கோபப்படுவது அபூர்வம். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும். "அம்மணி, நீ கொட்டகைய கழுவு, கோழிய கழுவு, கூரை மேல ஏறி கூரையக் கழுவு. என்னை மட்டும் கழுவாத. நாம எப்போ கிளம்புறோம், அதைச் சொல்லு."

கிளம்புவது என்றால் ரிவர்டனுக்கு. அங்கே கடலைப் பார்த்த மாதிரி அவன் சித்தப்பா மகனின் சின்ன வீடு ஒன்று காலியாக இருந்தது. இந்த மாதம் முழுக்க எடுத்துக்கொள்ளலாம் என்று சாவியே கொடுத்துவிட்டான். மாடுகளுக்கு மின்கம்பி வேலியை நகர்த்திப் புதுப்புல் காட்டுகிற வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாக டூகலும் சொல்லியிருந்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து ஒரு வாரம் வெளியூரில் தங்கியது கிடையாது.

"அடுத்த சனிக்கிழமை போலாம்" என்றாள் ரேவின்.

"போன சனிக்கிழமையும் இதைத்தான் சொன்ன."

"மடி இறங்கட்டும் நெவில். இறங்கினதைக் கண்ணால பார்த்துட்டா நான் வந்துடுறேன்."

தினமும் காலை ஒன்பது மணிக்கு நாலு சக்கர பைக்கில் மாடுகளைப் பார்க்கப் போவாள். கொட்டகைக்கு ரொம்பத் தூரத்தில், பாப்லார் மரங்கள் வரிசையாக நிற்கிற பட்டியில் அவற்றை விட்டிருந்தார்கள். மரங்கள் மஞ்சளாகி, காற்றே இல்லாத நாளில்கூட ஒவ்வொரு இலையாக உதிர்த்துக்கொண்டிருந்தன. மாடுகள் அந்த இலைகளுக்கு நடுவே வெயிலில் படுத்து அசைபோட்டன. கம்பியை நகர்த்துகிற வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் அவள் வேலியோரம் நின்று பார்ப்பாள். முதல் இரண்டு நாள் மாடுகள் எழுந்து கேட் பக்கம் வந்து கத்தின. அப்புறம் கத்தவில்லை. அவள் பைக் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்புவதுகூட நின்றுபோனது. ஒரு வாரத்தில் இத்தனை மாடுகளும் தன்னை மறந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று வாய்விட்டே சொன்னாள்.

பட்டன் மட்டும் மறக்கவில்லை.

பட்டன் ஒரு ஜெர்சிப் பசு. செம்மண் நிறம், நெற்றியில் கறுப்பாகச் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பொட்டு. பிறந்த அன்றே தாய் செத்துப்போக, ரேவின் சமையலறை மூலையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்று. மந்தையில் அதற்கு மட்டும்தான் பெயர் உண்டு, மற்றதெல்லாம் காதில் தொங்குகிற எண்ணோடு சரி. பட்டன் ஒவ்வொரு காலையும் கேட்டுக்கு வந்து நின்று, மூக்கை அவள் கோட்டுப் பையில் நுழைத்து முனகியது. அதன் மடி மற்ற மாடுகளைவிட அதிகமாக இறுகியிருந்தது. காம்புகள் நாலு திசையிலும் விறைத்து நின்றன. பின்னங்காலை அகட்டி அகட்டி நடந்தது.

"வலிக்குதாடி? எனக்குத் தெரியும். சும்மா கெட, வத்திடும்" என்று சொல்லிவிட்டு ரேவின் வீட்டுக்கு வந்தாள். வந்தவளுக்கு ரொட்டி இறங்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு விழித்தபோது அவள் மறுபடி படுக்கவில்லை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, மரப்படியில் காலுறையோடு இறங்கினாள். பைக்கை மேடு இறங்கும்வரை தள்ளிக்கொண்டு போய் அப்புறம்தான் கிளப்பினாள்.

பட்டன் காத்திருந்ததுபோல எழுந்து வந்தது. ரேவின் ஈரப்புல்லில் முட்டிபோட்டு, நெற்றியை அதன் விலாவில் சாய்த்து, முன்காம்பு ஒன்றைப் பிடித்தாள். கொஞ்சம்தான். இறுக்கம் தளர்கிற அளவுக்கு மட்டும். மருந்து கலந்த முதல் பால் கெட்டியாக வந்தது, பிறகு நூல் மாதிரி நீண்டு வந்தது. புல்லில் படர்ந்திருந்த பனியின்மேல் பால் விழுந்து ஆவி கிளம்பியது. பட்டன் பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு ரேவினின் முதுகுத்தண்டு வழியாக இறங்கி அவள் கட்டை விரல்வரை போனது. பத்து நாளாக எங்கேயோ போயிருந்த தன் கைகள் திரும்பி வந்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

அன்றைக்கு வீட்டில் அவள் எதையும் கழுவவில்லை. நெவிலுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கோப்பை டீயை முழுசாகக் குடித்தாள். நெவில் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நல்லாயிருக்க."

செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கறக்கக் கறக்கத்தான் மடி சுரக்கும். இன்று தளர்த்தினால் நாளை அதே அளவுக்கு இறுகும். அடைத்து வைத்த காம்பைத் திறந்தால் சேறும் சாணமும் உள்ளே போகும். வேலைக்கு வந்த பையன் எவனாவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பாள். நாளையிலிருந்து போகக்கூடாது என்று தினமும் நினைத்தாள். தினமும் நாலு மணிக்குப் போய் நாலு காம்பிலும் கொஞ்சம் கொஞ்சம் கறந்தாள். பட்டனுக்கு வலிக்கிறதே என்பது அவள் சாக்கு. மூன்றாம் நாள் பட்டன் எழுந்துவரச் சோம்பிப் படுத்தே கிடந்தபோது, அவள்தான் அதைத் தட்டி எழுப்பினாள்.

ரிவர்டன் பயணம் இன்னொரு சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. இந்தத் தடவை மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னாள்.

அந்த வார இறுதியில் ஊர் மண்டபத்தில் சூப்பும் ரொட்டியும் போட்டு ஒரு சின்னக் கூட்டம். அங்கே டூகல் நெவிலைத் தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "என்னடா, உன் பொண்டாட்டி விடியறதுக்கு முன்னாடி பைக்கத் தள்ளிட்டுப் போறா? எங்க கொட்டகையில இருந்து வெளிச்சம் தெரியுது. மரத்துக்குப் பின்னால யாரையாவது வச்சிருக்காளா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நெவிலும் சிரித்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டான். "யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"மரத்துக்குப் பின்னால இருக்கிறவன். அழகா இருப்பானா? முடி இருக்கா அவனுக்கு?"

"கம்பி வேலியில மின்சாரம் போகுதான்னு பார்க்கப் போறேன். அந்த டூகலுக்கு வேற வேலை இல்ல."

"நாலு மணிக்கா?"

"தூக்கம் வரல. என்ன பண்ணச் சொல்ற?"

நெவில் கியரை மாற்றினான். பிறகு சாலையைப் பார்த்தபடியே, "உன் கையில பால் வாசனை அடிக்குது ரேவின். நாலஞ்சு நாளா அடிக்குது" என்றான்.

அவள் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அவன் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்தாவது ஒரு வழி பண்ணியிருப்பாள். அவன் கேட்காததுதான் அன்று முழுக்க அவளை அரித்தது.

அடுத்த நாள் விடியலில் பட்டன் கேட்டில் இல்லை. மந்தையிலிருந்து விலகி, வடிகால் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. காது இரண்டும் ஜில்லென்று இருந்தன. பின்பக்கத்து இடது மடி சிவந்து வீங்கி, தொட்டால் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. ரேவின் காம்பை லேசாக அழுத்தினாள். பால் வரவில்லை. மஞ்சள் நீரும் திரிந்த பால்கட்டியும்தான் வந்தது. பட்டன் வலியில் காலை உதறியதில் அவள் சேற்றில் மல்லாந்து விழுந்தாள்.

விழுந்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தாள். தலைவிளக்கு அவிழ்ந்து புல்லில் உருண்டு எரிந்தது. எழுந்து வீட்டுக்கு வந்து நெவிலை உலுக்கினாள்.

"பட்டனுக்கு மடிநோய்."

நெவில் கண்ணைத் திறந்தான். எதுவும் கேட்காமல் கால்சட்டையைத் தேடினான்.

ஹினேவாய் வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பட்டனைப் பட்டியின் மூலையில் கேட்டுக்கும் வேலிக்கும் நடுவே நிறுத்தி, காய்ச்சல் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு காம்பையும் விரல்நுனியால் உருட்டினாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை ரேவின் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க ரேவின். இதுல ஒரு காம்புல கூட அடைப்பு இல்லையே. யாராவது கறந்தீங்களா?"

"யார் கறக்கப் போறா? கன்னுக்குட்டி ஏதாவது சப்பியிருக்கும்."

"மே மாசத்துல கன்னுக்குட்டி ஏது?"

"வேற மாடு சப்பியிருக்கலாம். சில மாட்டுக்கு அந்தப் பழக்கம் உண்டு."

"உண்டு" என்றாள் ஹினேவாய். "நாலு காம்பையும் அளவா, ஒரே மாதிரி சப்புற மாடு நான் பார்த்ததில்ல."

நெவில் பட்டனின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ரேவினைப் பார்க்காமல் மாட்டின் நெற்றிப் பொட்டையே பார்த்தான். அவளுக்குக் காது மடல் சுட்டது. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி, இந்த வயதில்.

"நான்தான்" என்றாள். "தினமும். கொஞ்சம்தான் எடுத்தேன்."

ஹினேவாய் திட்டவில்லை. ஊசி மருந்தை உறிஞ்சி, குமிழியைத் தட்டி வெளியேற்றி, பட்டனின் கழுத்தில் போட்டாள், நோயில்லாத மூன்று காம்பையும் துடைத்து மருந்து ஏற்றி அடைத்தாள். பிறகுதான் பேசினாள். "மாடு பிழைச்சுக்கும். கன்னுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறேன். இந்தப் பின்மடி மட்டும் இனி பால் கொடுக்குமான்னு சொல்ல முடியாது. அதிகமா நம்பிக்கை வைக்காதீங்க. இப்போ இந்த ஒரு காம்பை மட்டும், காலைலயும் சாயங்காலமும், கெட்ட நீர் முழுக்கப் போற வரைக்கும் பீச்சி எடுக்கணும். மத்த மூணையும் சுத்தம் பண்ணி மறுபடி அடைச்சுட்டேன். அதுல விரல் படக்கூடாது."

"நான் பார்த்துக்கறேன்" என்று ரேவின் வேகமாகச் சொன்னாள். தன் குரலில் இருந்த ஆவல் தனக்கே கேட்டது.

"நீ வேண்டாம்" என்றான் நெவில்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் செய்யறேன். இவ கை இனி இந்த மாட்டு மேல படாது."

"உனக்குக் கறக்கத் தெரியுமா?" என்றாள் ரேவின்.

"தெரியாது. அதான் சொல்றேன். எனக்கு ஒரு காம்பைக் கறக்கவே மூச்சு வாங்கும். அடுத்த காம்புக்குப் போகணும்னு தோணவே தோணாது."

ஹினேவாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை மூடினாள். "நெவில் சொல்றது நியாயமா படுது" என்றாள்.

ரிவர்டன் போனது போனதுதான். காலையும் மாலையும் பீச்சுவது என்று ஆன பிறகு எங்கே போவது? நெவில் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, சாவியைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொன்னான். சமையலறையில் நின்ற ரேவினுக்கு அது கேட்டது. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் குத்திப் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அவளே தொடங்கினாள்.

"திட்டணும்னா திட்டிடு நெவில். இப்படி உம்முனு இருக்காத."

"திட்டறதுக்கு என்ன இருக்கு?"

"நான் சும்மா உட்கார்ந்தா என்னமோ மறந்துட்ட மாதிரி இருக்கு. அடுப்புல எதையோ வச்சுட்டு வந்த மாதிரி. எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா ஒண்ணும் இல்ல. திரும்பி உட்கார்ந்தா மறுபடி அதே மாதிரி."

நெவில் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே இருந்தான். "நமக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து தினமும் காலைல நீ எந்திரிச்சுப் போற சத்தத்தைத்தான் நான் கேட்டுட்டு இருக்கேன். முதல்ல கட்டில், அப்புறம் படி, அப்புறம் கதவு. நான் தூங்கறேன்னு நீ நினைச்சுக்குவ. தூங்கறதில்ல. கதவு சாத்தின பிறகுதான் தூங்குவேன். ரிவர்டன்ல கடலு மீனு எல்லாம் எனக்கு அப்படி ஒண்ணும் பெரிசில்ல. ஒரு நாளாவது நீ பக்கத்துல படுத்துக் கிடக்கிற சத்தம் எப்படி இருக்கும்னு கேக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

ரேவின் தட்டைப் பார்த்தாள். எழுந்து பாத்திரம் கழுவலாம்போல இருந்தது. கழுவவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குச் சுலபமாக இல்லை.

அடுத்த நாளிலிருந்து அவர்கள் சேர்ந்தே போனார்கள், பிக்கப் வண்டியில், காலையில் வெயில் ஏறிய பிறகும் சாயங்காலமும். நெவில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கீழே ஒரு வாளியை வைத்துப் பின்காம்பைப் பீச்சுவான். ரேவின் வேலிக்கு இந்தப் பக்கம், வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம். நெவில் காம்பை மேலிருந்து இழுத்தான். அப்படி இழுக்கக் கூடாது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் மேலே பூட்டுப் போட, மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்க வேண்டும். ரேவினின் உள்ளங்கை தானாக மடங்கி விரிந்தது.

"மேல பூட்டிட்டுக் கீழ விடு. இழுக்காத."

"வாய் மூடு."

"மாட்டுக்கு வலிக்கும்டா."

"மாடு ஒண்ணும் சொல்லல. நீதான் கத்தற."

நீர் அவன் கால்சட்டையில் தெறித்தது, பூட்ஸுக்குள் விழுந்தது, ஒருதடவை கண்ணிலேயே அடித்தது. அவன் தாத்தா காலத்துக் கெட்டவார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். ரேவின் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்து ஓடி அவனைத் தள்ளிவிட்டுத் தானே முடித்துவிட அவளுக்கு ஐந்து நிமிஷம் போதும். அவனுக்கோ முக்கால் மணி நேரம் ஆகியது. அந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு ஒரு முழுக் கறவையைவிடக் களைப்பாக இருந்தது. வீட்டுக்கு வரும்போது தோள்பட்டை வலித்தது, ஒன்றுமே செய்யாமல்.

பட்டனின் காய்ச்சல் இறங்கியது. தீனி எடுத்தது. மற்ற மூன்று பக்கமும் நாளுக்கு நாள் சுருங்கிக் காலிப் பை மாதிரி தொங்கத் தொடங்கின. நோய் கண்ட பக்கமும் சுருங்கியது, ஆனால் உள்ளே கை வைத்துப் பார்த்தால் கட்டியாக இருந்தது. ஹினேவாய் ஒருநாள் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "மூணு காம்பு மாடுதான் இனி" என்றாள். "மூணு காம்பு மாடு எத்தனையோ இருக்கு. கன்னு நல்லாத்தான் இருக்கு, உதைக்குது பாருங்க." இன்னும் இரண்டு நாள் பீச்சினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ரேவின் கொட்டகையின் பின்சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். யாரும் பார்க்கவில்லை. கோடை ஏமாற்றியது, புல் காய்ந்தது, அதெல்லாம் யார் கையிலும் இல்லை. இது அவள் கையால் வந்தது. தூக்கி வளர்த்த கையாலேயே கெடுத்த கதை என்று தன்னையே ஏசிக்கொண்டாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நெவில் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்தான்.

கடைசி நாள் காலையில் நல்ல வெயில். முந்தின நாள் பெய்த சின்ன மழையில் தரை மணத்தது. பாப்லார் மரங்களில் உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை மிச்சம் இருந்தது. ரேவின் வழக்கம்போல வண்டியின் பின்தட்டில் ஏறி, வைக்கோல் கட்டு ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். நெவில் டப்பாவைக் கவிழ்த்தான்.

"மேல பூட்டு" என்றாள் பழக்கத்தில்.

"பூட்டியாச்சு, அம்மணி."

அவன் இப்போது கொஞ்சம் தேறியிருந்தான். நீர் வாளியில் விழுகிற சத்தம் சீராகக் கேட்டது. ஒன்று, அப்புறம் ஒன்று. சுற்றிலும் மாடுகள் படுத்து அசைபோட்டன. ஒன்றின் தாடை நிற்க, இன்னொன்றின் தாடை தொடங்கியது. ரேவின் அவன் விரல்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் கீழே பிடிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னாளா இல்லையா என்று அவளுக்கு ஞாபகமில்லை.

கண் விழித்தபோது வெயில் முகத்தின் இன்னொரு பக்கத்துக்குப் போயிருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. அவள் மேல் நெவிலின் கோட்டு கிடந்தது, கோட்டின் மேல் இரண்டு மஞ்சள் இலை. வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. பட்டியில் நெவிலைக் காணோம். பட்டனும் கேட் பக்கம் இல்லை, மந்தைக்கு நடுவே போய்ப் படுத்துவிட்டிருந்தது. கம்பி வேலி ஏற்கெனவே நகர்த்தப்பட்டிருந்தது, கொஞ்சம் கோணலாக.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எழுப்பாமல் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான் பாவி. மதியம் ஆகியிருக்குமா? இரண்டு மணியா? சாவி வண்டியிலேயே இருந்தது. கம்பியை நேராக்க வேண்டும். வாளியைக் கழுவ வேண்டும். அவள் ஒரு காலைக் கீழே தொங்கவிட்டாள். கால் மரத்துப் போயிருந்தது, ஊசி ஊசியாகக் குத்தியது. குத்தல் அடங்கட்டும் என்று அப்படியே இருந்தாள்.

குத்தல் அடங்கியது. அதற்குப் பிறகும் அவள் இறங்கவில்லை. கோட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு வைக்கோலில் சாய்ந்தாள்.